ரம்பப்பல்லின் செங்குத்துப் பக்கம்

மார்ச் 4, 2024. திங்கள்

இரண்டாவது மிஷினின் துளைகள் இன்றும் கோணல்.

முதல் மிஷினில் துளைத்த சிலிக்கான் தட்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சாப்பிடும் குச்சிகளை டம்ளரில் நிறுத்தி வைத்ததுபோல இருக்கும். இரண்டாவதில் துளைத்ததோ நூடுல்ஸ். மேலே நேராக ஆரம்பித்து, பாதி ஆழத்தில் மனம் மாறி, பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறது. எங்கள் பிரிவின் இயக்குநர் பாங் டோக்-சூ படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யோம், படத்தைச் சாய்ச்சு எடுத்துட்டீங்களா?”

சாய்த்து எடுக்கவில்லை.

வாடிக்கையாளர் 29ஆம் தேதி வந்து பார்த்துவிட்டு மிஷினை எடுத்துப்போவதாக ஏற்பாடு. இரண்டும் ஒரே வரைபடம், ஒரே உலோகம், ஒரே வாயு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் அலை. என் அலை. மெதுவாக ஏறி, சட்டென்று செங்குத்தாக விழும் ரம்பப்பல். நான்கு வருடங்களுக்கு முன் நான் கணக்குப் போட்டுச் சொன்னது. கம்பெனி ஜாக்கெட்டுகளின் இடது மார்பில் இன்று அதைத்தான் நூலால் தைத்திருக்கிறார்கள். ஓசான் ஊரில் எங்கள் ஆட்கள் எந்தக் கடையில் நுழைந்தாலும் என் கணக்கும் கூடவே நுழைகிறது.

மார்ச் 6, புதன்

சந்தேகப் பட்டியல் தயாரித்து அனுப்பினேன். வாயுவில் ஈரம். பம்பில் கசிவு. கேபிள் நீளம். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் தூசிப் பருவம். பொருத்தியவர்களின் கவனக்குறைவு.

பதினேழு வரிகள். அதில் என் பெயர் இல்லை. பட்டியலை எழுதியது நான்.

மார்ச் 11, திங்கள்

இன்று மிஷினுக்குப் பன்றித்தலை வைத்துப் படையல். பாங்கின் யோசனை. அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர். வந்தால் மலை, போனால் மயிர் என்று சொல்லிவிட்டார். வெற்றிடக் கலனுக்கு முன்னால் மேசை போட்டு, அரிசிப் பணியாரம், உலர்ந்த மீன், மக்கொல்லி என்ற அரிசிக் கள் எல்லாம் பரப்பி, நடுவில் அந்தத் தலை. வேகவைத்தபோது சிரித்த முகமாக அமைந்திருந்தது. சிரிக்கிற தலையாகப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். தொழில்நுட்பக் கூட்டத்தில் இத்தனை வாரமாகச் சிரித்த முதல் முகம்.

எல்லோரும் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். அதிக நேரம் தரையில் நெற்றி வைத்திருந்தவர் மா கி-டே மேஸ்திரி. இரண்டாவது மிஷினைப் பொருத்தியவர் அவர்தான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “வாங்க டாக்டரம்மா, நீங்களும் ஒரு கும்பிடு போடுங்க. உங்க கணக்கு ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார்.

போட்டேன்.

மாலைக்குள் புதுத் தட்டு வந்தது. முன்பைவிட ஒரு பாகை அதிகக் கோணல்.

மார்ச் 14, வியாழன்

பன்றி கைவிட்ட பிறகு மனிதர்தான் பாக்கி. காலைக் கூட்டத்தில் பாங், மா மேஸ்திரியை நிற்க வைத்தே கேட்டார்.

“அலையை யார் செட் பண்ணது?”

“நான்தான் சார். டாக்டரம்மா கொடுத்த தாள்ல இருக்கறபடிதான்.”

“தாள்ல என்ன இருக்கு?”

“மெதுவா ஏறணும், சட்டுனு விழணும்னு இருக்கு. ஸ்கோப் திரையில அப்படியே வர்ற வரைக்கும் திருகினேன். வந்துச்சு. போட்டோகூட எடுத்து வெச்சிருக்கேன்.”

“வந்துச்சுன்னா துளை ஏன் வளையுது?”

மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். குறிப்பேட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

28ஆம் தேதி விசாரணைக் குழு. அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவர் ஒப்பந்தம் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்கப்படுவது. இந்த ஏப்ரலில் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அறை முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். நாளைக்கு நானே மறுக்காமல் இருக்க இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதல் மிஷினை ஓடவிட்டு அலையைத் திரையில் காட்டும் அதன் பழைய ஆஸிலோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். மேஸ்திரி எந்தத் திருகை எங்கே தவறவிட்டார் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அவருக்கு ஒத்தாசை செய்வதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

திரையில் என் ரம்பப்பல். மெதுவாக ஏறி, சட்டென்று விழுந்து. அழகு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே போனேன். திரையின் கீழ் மூலையில், சேனல் எண்ணுக்குப் பக்கத்தில், எறும்பு அளவுக்கு ஓர் அம்பு. கீழ்நோக்கி.

தலைகீழாகக் காட்டு என்பதற்கான குறி அது.

இல்லை, இருக்காது. மெனுவைத் திறந்தேன். இருந்தது. அணைத்தேன். என் ரம்பப்பல் கண்ணெதிரில் குப்புற விழுந்தது. சட்டென்று ஏறி, மெதுவாக இறங்குகிறது. திரும்ப அமுக்கினேன் — விழுகிறது. அணைத்தேன் — ஏறுகிறது. எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. லிப்டுக்காக நிற்கிறவர்கள் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவதுபோல.

யார் செய்தது? அலமாரியில் பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். 2019, அக்டோபர் 17. “இரவல் புரோப் எதிர்க்குறி காட்டுகிறது. சேனல் 2 தலைகீழ் (தற்காலிகம்).” வோல்டேஜ் அளக்கும் அந்தப் புரோப்பை அதே வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஸ்கோப் மட்டும் அன்றைய அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு காலையும் விசுவாசமாக எடுத்துப் போட்டிருக்கிறது. கோப்பின் பெயர் ‘யோம்-இறுதி’.

கையெழுத்து என்னுடையது. அடைப்புக்குறிகூட என்னுடையது.

மார்ச் 20, புதன்

தூங்கவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அலையை நாங்கள் திரையைப் பார்த்துத்தான் திருகுவோம். திரை தலைகீழ் என்றால், திரையில் நான் விரும்பிய வடிவம் வரும்போது, உள்ளே தட்டுக்குப் போனது அதன் நேர் எதிர். நான்கு வருடங்களாக முதல் மிஷின் ஓடியது என் எதிர் அலையில். அதில்தான் துளைகள் குச்சிபோல் நின்றன. மா மேஸ்திரி புது ஸ்கோப்பை வைத்து, தாளில் இருந்ததை இருந்தபடி செய்தார். என் அலை உண்மையிலேயே ஓடிய முதல் மிஷின் அதுதான். துளைகள் நூடுல்ஸாக ஆகிவிட்டன.

அதாவது மேஸ்திரி செய்தது சரி. அதனால்தான் தப்பாகிவிட்டது.

எதிர் அலை ஏன் வேலை செய்தது? இப்போது யோசித்தால் பத்து நிமிடத்தில் புரிகிறது — அதுதான் எரிச்சல். கலனுக்குள் காற்றைக் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சி எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒரு வாயுவை விட்டு, அதில் வோல்டேஜை நொடிக்கு ஒரு கோடி தடவைக்கு மேல் ஏற்றி இறக்கினால் வாயு ஊதா நிறத்தில் ஒளிரும். அதிலிருந்து கனமான அயனிகள் நேர்க்கோட்டில் தட்டின்மேல் விழுந்து துளைக்கின்றன. போகப்போகத் துளையின் அடியில் நேர்மின்சாரம் தேங்குகிறது. தேங்கினால், அடுத்து வரும் அயனியை அது பக்கவாட்டில் தள்ளும். துளை வளையும். தேங்கியதைக் கழுவிவிட எலக்ட்ரான்கள் அடிவரை இறங்க வேண்டும். அவை லேசானவை, கண்ட திசையில் அலைபவை, சும்மா இறங்காது. தட்டின் வோல்டேஜ் *சட்டென்று ஏறினால்* மட்டும் அந்த இழுப்பில் நேராக உள்ளே பாயும்.

நான் கேட்டதோ சட்டென்று விழுவதை. விழும்போது எலக்ட்ரான்கள் மேல்நோக்கி அடிபட்டு வாயுவை நிறைய உடைக்கும், அயனி பெருகும், வேகமாகத் துளைக்கும், வளைவதற்கு நேரமே இருக்காது — என்று பதினான்கு படங்களோடு கட்டுரை எழுதினேன். கணினியில் ஓட்டிய கணக்கு முதலில் ஒத்துவரவில்லை. சுவரைப் பற்றிய ஓர் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒத்துவந்துவிட்டது. அன்று மாலை எல்லோருக்கும் நான்தான் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்தேன்.

நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு நேர்த்தியான விளக்கத்தை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை.

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார். “நாலு வருஷமா ஒருத்தர்கூட அந்த மூலையைப் பாக்கலயா?” என்றார்.

துளை நேரா இருந்துச்சே. நேரா இருந்தா யாரு மூலையப் பாப்பாங்க என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்று இரண்டாவது மிஷினில் அலையைக் கவிழ்த்துப் போட்டு ஒரு தட்டு ஓட்டினேன். யாருக்கும் சொல்லாமல்.

நேர். இவ்வளவு நேரான துளைகளை நான் பார்த்ததே இல்லை. முதல் மிஷினைவிட நேர். அழுகை வந்தது. சந்தோஷம் இல்லை.

பாங்கின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாக்கெட் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவதை நிறுத்தவேயில்லை.

“இப்ப நேரா வருதா?”

“வருது சார்.”

“அப்புறம் என்ன? அலையை இன்னும் கொஞ்சம் மெருகேத்தினோம்னு எழுதிடுங்க.”

“மெருகு இல்ல சார். தலைகீழ். பேடன்ட்ல இருக்கறதும் தப்பு, கட்டுரைல இருக்கறதும் தப்பு.”

“யோம், ஜாக்கெட்லயும் தப்பு. அதுக்காகக் கழட்டிடுவீங்களா?” என்று சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். “அடுத்த வாரம் தலைமை ஆய்வாளர் லிஸ்ட் போகுது. உங்க பேரை நான் எழுதிட்டேன். இருபது வருஷம் காத்திருந்தீங்க. ஒரு பட்டனுக்காகவா?”

“மா மேஸ்திரி—”

“அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களின் முகம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

மார்ச் 26, செவ்வாய்

குழுவுக்குப் போகும் அறிக்கையின் நகல் வந்தது. காரணம்: “பொருத்தும் கட்டத்தில் நேர்ந்த அமைப்புப் பிழை. தற்போது சரிசெய்யப்பட்டது.”

யார் பொருத்தினார் என்று இல்லை. அதே பக்கத்தின் மேல்பாதியில், பொருத்தியவர்: மா கி-டே.

இதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் இதன் கைத்திறன். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

மார்ச் 27, புதன்

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. பேனாவைக் காணோம் என்று சொல்லியிருக்கிறேன். நாற்பத்தேழு வயதில்.

மார்ச் 28, வியாழன்

போனேன்.

குழுவில் மூன்று பேர். மனிதவளத் தலைவி கும் அம்மையார், சட்டப் பிரிவு இளைஞர் ஒருவர், பாங். எதிரில் மா மேஸ்திரி, கோட் போட்டுக்கொண்டு. அவரைக் கோட்டில் நான் பார்த்ததேயில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கியதாக இருக்கும். கைகளை முழங்கால்மேல் வைத்திருந்தார்.

கும் அம்மையார் ஆரம்பிக்கும் முன் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

“அந்தப் பிழை என்னோடது. பட்டனை அமுக்கினது நான்.”

“எந்த பட்டன்?”

சொன்னேன். இயன்றவரை எளிமையாக. கும் அம்மையார் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

“அப்ப முதல் மிஷின் நாலு வருஷமா தப்பா ஓடிச்சா?”

“இல்லம்மா. சரியாத்தான் ஓடிச்சு. நான் நினைச்சதுதான் தப்பு.”

“இரண்டாவது மிஷின்?”

“அது நான் நினைச்சபடி ஓடிச்சு. அதனால கெட்டுப்போச்சு.”

“மா மேஸ்திரி என்ன தப்பு பண்ணாரு?”

“தாள்ல இருந்தத அப்படியே பண்ணாரு.”

சட்டப் பிரிவு இளைஞர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். “மன்னிக்கணும், இதை எப்படிப் பதிவு பண்றது? ‘சரியாகச் செய்ததே பிழைக்குக் காரணம்’னு போடலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. பாங் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மா மேஸ்திரி மட்டும் என்னைப் பார்த்தார். நன்றியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. எதிர்பார்த்திருக்கக் கூடாது.

மார்ச் 29, வெள்ளி

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். துளைகளைப் பார்த்தார்கள். திருப்தி. போகும்போது அவர்களின் பொறியாளர் ஒருவர் கேட்டார்: “போன மாசம் வளைஞ்சுதுன்னு கேள்விப்பட்டோமே, ஏன்?”

“மஞ்சள் தூசி” என்றார் பாங்.

ஏப்ரல் 1, திங்கள்

மா மேஸ்திரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தலைமை ஆய்வாளர் பட்டியலும் வந்தது. என் பெயர் இல்லை. இரண்டு செய்தியும் ஒரே மின்னஞ்சலில்.

கீழே பட்டறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதைப் பலமுறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

“எப்பம்மா தெரிஞ்சுது உங்களுக்கு?”

“பத்தொன்பதாந் தேதி.”

விரல் விட்டு எண்ணினார். “ஒன்பது நாள்” என்றார். “அந்த ஒன்பது நாளும் நான் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். முப்பது வருஷம் ஸ்குரூ திருகின கை. வீட்ல ஸ்பூனப் பிடிச்சாகூட நடுங்குதான்னு பாத்தேன். எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா. போனோம். தலைய ஸ்கேன் எடுத்தோம்.”

“மேஸ்திரி—”

“நீங்க அங்க வந்து சொன்னது நல்ல காரியம். இல்லன்னு சொல்லல. நீங்க சொல்லலைன்னா நான் இன்னிக்கு வீட்ல உக்காந்திருப்பேன். ஆனா ஒன்பது நாள் எதுக்கும்மா?”

பட்டனைக் கண்டுபிடித்தேன், அம்பைக் கண்டுபிடித்தேன், எலக்ட்ரான் எப்படி இறங்குகிறது என்பதைக்கூடக் கண்டுபிடித்தேன். இதற்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. எந்த எண்ணை நகர்த்தினாலும் ஒத்துவராது.

ஏப்ரல் 12, வெள்ளி

மேஸ்திரி பேசுவதில்லை. வேலை விஷயம் என்றால் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். கையெழுத்து நடுங்கவில்லை.

ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டால் சின்னம் சரியாகிவிடும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். உணவுக்கூடத்தில் நான்கு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கழற்றினார்கள். நான் என்னுடையதைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் சாப்பாடு இறங்கியது — எனக்கும், அவர்களுக்கும்.

ஏப்ரல் 25, வியாழன். ஜேஜு தீவு

வசந்தகால மாநாடு. பங்கேற்பதாக ஜனவரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பு அச்சாகிவிட்டது: ‘செங்குத்து இறக்கத்தின் நன்மைகள்.’ ரத்து செய்துவிடலாம் என்றார் பாங். செய்யவில்லை.

முதல் படத்தில் என் தலைப்பைக் காட்டினேன். இரண்டாவது படத்தில் அந்தச் சின்ன அம்பை. பெரிதாக்கி, திரை முழுக்க.

கூட்டம் முதலில் புரியாமல் பார்த்தது. பிறகு பின்வரிசையில் ஒருவர் ‘ஐயோ’ என்றார். அப்புறம் சிரிப்பு. பெரிய சிரிப்பு. முகம் எரிந்தது. நின்றுகொண்டே இருந்தேன். சிரிப்பு அடங்கியதும் தட்டில் நேரடியாக அளந்த அலையையும், கவிழ்த்துப் போட்டபோது வந்த துளைகளையும் காட்டினேன். பதினான்கு படங்களில் எவையெவை செல்லாது என்று எண் சொல்லிப் படித்தேன். பதினொன்று.

கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. “அந்த ஸ்கோப் எந்த மாடல்?”

ஆனால் காபி இடைவேளையில், தூணுக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். தற்செயலாக வந்ததுபோல. எந்த மெனு, எந்த மூலை, எப்படிச் சரிபார்ப்பது. மூன்றாமவர் எங்கள் போட்டிக் கம்பெனிக்காரர். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பேசிக்கொண்டே ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றி நடந்தார்.

மே 13, திங்கள்

புதிய பேடன்ட் விண்ணப்பம். ‘செங்குத்து ஏற்றத்தின் நன்மைகள்.’ கண்டுபிடித்தவர்கள்: பாங் டோக்-சூ, யோம் ஹே-சுக். இந்த வரிசையில். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பாங் சொன்னார், “நாலு வருஷமா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துகிட்டே இருந்துச்சு.”

மூன்றாவது பெயர் ஒன்று சேர்க்க வேண்டும் என்றேன். என் அலையை உண்மையாக ஓட்டிக் காட்டி, அது உதவாது என்று நிரூபித்த முதல் மனிதர். பாங் ஆட்சேபிக்கவில்லை. மூன்றாவது பெயரை யாரும் படிப்பதில்லை.

படிவத்தில் கையெழுத்து வாங்கப் பட்டறைக்கு அனுப்பினேன். மாலை திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. ஒட்டுச்சீட்டு எதுவும் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. மதியம் குளிர்ந்த நூடுல்ஸ். மூன்றாவது மிஷினைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் அனுப்ப வேண்டும்.

மூன்று மணிக்கு அறைக் கதவில் தட்டும் சத்தம். மா மேஸ்திரி. தாள் எதுவும் கையில் இல்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“டாக்டரம்மா.”

“சொல்லுங்க மேஸ்திரி.”

“மூணாவதுல குவார்ட்ஸ் வளையத்த இறக்கும்போது விளிம்பு தெறிச்சுடுச்சு. நகம் அளவுக்கு. என் கைதான். பக்கத்துல வேற யாரும் இல்ல.” படிக்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “இன்னும் ஒருத்தரும் பாக்கல. மேல திருப்பி வெச்சா தெரியக்கூடத் தெரியாது.”

புது வளையம் ஜப்பானிலிருந்து வர வேண்டும். ஐந்து வாரம். பாங் கத்தப்போகிறார். இதெல்லாம் அவருக்கும் தெரியும்.

“எப்ப ஆச்சு?”

“இப்பதான். கைய கழுவிட்டு நேரா வர்றேன்.”

கைகள் ஈரமாகத்தான் இருந்தன. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பார்க்கலாம் வாங்க என்றேன். இரண்டு பேரும் படியிறங்கினோம்.